குச்சியும் அதே சரிவில்

நான் சாயல்குடிக்காரன்.
எங்கள் ஊரில் ஒரு பனை நின்றால்
அதன் அடியில் செங்கோணம் இருக்கிறதா என்று
யாரும் கேட்பதில்லை.
தரை அப்படி. தட்டையாக, வெயிலாக,
பாடநூலில் வரைந்த படம் மாதிரி.

மன்னவனூருக்குப் பணியாணை வந்தபோது
இடப்பெயர்வில் உருவத்தின் அளவு மாறாது என்று
எட்டாம் வகுப்புக்கு எழுதிப்போட்ட வரியை நினைத்தபடி
இரண்டு ஸ்வெட்டரோடு பஸ் ஏறினேன்.
முதல் மாதமே நான்கு கிலோ குறைந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பூண்டுக் காடு.
ஒரே வளைவு, படிப்படியாய், கீழே கீழே இறங்குகிறது.
"அது இடப்பெயர்வா, விரிவாக்கமா?" என்றேன்.
குழந்தைவேல் எழுந்தான்.
"அது பாகம் சார். மேல நாலு படி எங்கப்பாவுக்கு,
கீழ நாலு சித்தப்பாவுக்கு."
"சர்வசமமா?"
"இல்ல சார், வடிவொத்தது. அவங்களுது எல்லாமே
கொஞ்சம் பெரிசு. கேஸ் நடக்குது."
அன்றைக்கு அதற்கு மேல் நடத்த எனக்கு ஒன்றுமில்லை.

கோ-கோ விதி என்று பலகையில் எழுதினால்
விளையாட்டுப் பீரியடா என்று பின்பெஞ்சு எழுகிறது.
இரண்டு கோணம் சமமானால் போதும்,
மூன்றாவது தானாக வரும்,
பக்கம் எவ்வளவு நீண்டாலும் விகிதம் விட்டுப்போகாது.
சொல்லிவிடலாம்.
காட்ட நிழல் வேண்டும். நிழலுக்கு வெயில்.
பதினோரு நாள் மஞ்சு.
மைதானத்துக் கோடியில் நிற்கும் பைன்
இடுப்புக்கு மேல் இல்லை.
உயரம் கண்டுபிடிக்கணும் என்றால்
"தெரியிற வரைக்குமா சார்?"

பன்னிரண்டாம் நாள், அறிவியல் பீரியடில், சூரியன்.
அந்த டீச்சரிடம் கெஞ்சி இருபது நிமிடம் வாங்கினேன்.
பீன்ஸ் கொடிக்கு ஊன்றும் கம்பு, மீட்டர் அளவுக்கு நறுக்கியது.
தையல் டேப். சாக்குக் கயிறு.
ஓடினோம்.

அங்கே போன பிறகுதான் பார்த்தேன்.
மைதானம் முடிந்த இடத்தில்
மரத்தின் நிழல் சரிவில் வழிந்து கிடந்தது.
பாடநூல் சின்னச் சதுரம் போடும் அந்த மூலையில்
தொண்ணூறு இல்லை. நூற்றுப்பத்தோ என்னவோ.
மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன், திருப்பி வைத்தும் பார்த்தேன்.
"இந்தக் கணக்கு இங்க வராது.
சமதரை வேணும்."
முப்பத்தோரு பிள்ளைகளும் பார்த்தார்கள்,
கடல் வேண்டும் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல.

சினேகப்ரியா வகுப்பில் வாய் திறக்கிறவள் இல்லை.
கம்பை என் கையிலிருந்து வாங்கி
மரத்துக்குப் பக்கத்தில், அதே புல்லில் ஊன்றினாள்.
நூலில் கல் கட்டி நிமிர்த்தினாள்.
"குச்சியும் அதே சரிவுலதான சார் நிக்குது."
பிறகு திட்டு விழுமோ என்று தலை குனிந்துகொண்டு,
"ரெண்டுக்கும் ஒரே கோணல்தானே."

கோணல்.
நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.
ஈரம், பேன்ட் முழுக்க.
பதினாறு வருடமாய் எத்தனை பலகையில்
தேவையே இல்லாத அந்தச் சதுரத்தை
மூலை பார்த்து, அழகாக, வரைந்திருக்கிறேன்.

கம்பின் நிழல் எண்பது சென்டிமீட்டர்.
மரத்தின் நிழல் பதினான்கு மீட்டர் நாற்பது.
கடைசி எண்ணைக் கத்தும்போதே
மஞ்சு ஏறி வந்து நிழலைத் துடைத்தது.
பதினெட்டு, பதினெட்டு என்று
ஓடிக்கொண்டே வகுத்தார்கள்.

மாசியில், கம்பிமேல் சாய்கிறது என்று
மின்வாரியத்தார் அந்த மரத்தை அறுத்தார்கள்.
லாரி வருமுன்னே டேப்போடு போய்விட்டார்கள்,
என்னைக் கூப்பிடவில்லை.
கிடந்தது பதினேழு எழுபது. அடிக்கட்டை இருபது.
"பத்து சென்டிமீட்டரக் காணோம் சார்."

நுனி ஒடிந்திருக்கும் என்கிறது ஒரு கட்சி.
"கல்லு கட்டிக் குச்சியத்தான் நிமித்துனேன்,
மரத்த யாரு நிமித்துனா?" என்கிறாள் சினேகப்ரியா,
இப்போதெல்லாம் நன்றாகவே பேசுகிறாள்.
கேஸ் போடலாம் என்கிறான் குழந்தைவேல்.

தேர்வு முடிந்தும் சண்டை ஓயவில்லை.
விடை கேட்டு என்னிடம் வருகிறார்கள்.
எனக்குத் தெரியாது என்றேன்.
நம்பவில்லை.